இனியெஸ்டாவின் 6ஆம் இலக்கம்: திருகோணமலையில் ஜேர்சி அடித்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் உதைபந்தாட்டக் குழுவுக்கு ஜேர்சி அடிக்க வேண்டும் என்றால் இந்த இடத்துக்கு நம்பிப் போகலாம். ஆனால் "நாளைக்கு மேட்ச், இன்றைக்கே தாங்கோ" என்று போய் நிற்காதீர்கள், அது இங்கே நடக்காது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஏகாம்பரம் மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வீட்டின் முன் அறை, உள்ளே ஒரு பெரிய பிரிண்டர், ஒரு ஹீட் பிரஸ், இரண்டு தையல் மெஷின், சுவர் முழுக்க இதுவரை அடித்துக் கொடுத்த ஜேர்சிகளின் மாதிரிகள். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானா நடத்துகிறார், தையல் வேலையை அவருடைய மனைவியும் இன்னொரு அக்காவும் பார்க்கிறார்கள். பின்னேரம் மைதானத்தில் பந்து விளையாடுகிற எந்தப் பொடியனிடம் கேட்டாலும் வழி காட்டுவான்.

நாங்கள் கொடுத்த ஓர்டர் 16 ஜேர்சி, 16 வெள்ளைப் பெனியன். ஜேர்சி ஸ்பெயின் 2010 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் போட்ட கடும் நீலம். ஸ்பெயின் என்றால் சிவப்பு என்றுதான் எல்லோர் மனதிலும் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எதிரே நெதர்லாந்து செம்மஞ்சளில் இறங்கியதால் இவர்கள் நீலம் போட்டார்கள். கிண்ணத்தை வாங்கும்போது சிவப்புக்கு மாறிவிட்டதால் நிறையப் பேருக்கு அந்த நீலம் மறந்துபோயிற்று.

நானாவை எனக்கு முதல் நாளே பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு இலக்கம்தான். எங்களோடு வந்த ஒருவன், அந்த ஸ்பெயின் அணியிலும் பார்சலோனாவிலும் நடுவில் ஆடிய இனியெஸ்டாவை மனதில் வைத்து, "ஒன்றில் மட்டும் இனியெஸ்டா மாதிரி முதுகில் 8 போடுங்கோ" என்றான். நானா எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு, "பார்சலோனாவுக்கா தம்பி, ஸ்பெயினுக்கா?" என்று கேட்டார். ஸ்பெயினுக்கு என்றோம். "அப்ப 6. ஸ்பெயினில 8 ஷாவிக்கு. பார்சலோனாவில அப்படியே மாறி, இவர் 8, அவர் 6." சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கிவிட்டார். எனக்கு அது போதும். இதற்கு முன் வேறு ஊரில் ஒரு கடையில் கொடுத்தபோது நாங்கள் 6 என்று தெளிவாக எழுதிக் கொடுத்தும், "இனியெஸ்டா என்றால் 8தானே" என்று அவர்களாகவே மாற்றி அடித்து அனுப்பினார்கள். கேட்டதற்கு, யார் அதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்று பதில் வந்தது. பார்க்கிறவன் எங்கள் குழுவிலேயே ஒருவன் இருந்தான். அவனுக்காகத்தான் இந்த ஓர்டரே.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை, வீட்டாரிடம் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. எங்களுடைய குழு முப்பத்தைந்து வயது தாண்டியவர்களின் குழு, ஞாயிற்றுக்கிழமை காலையில் விளையாடுவோம். இவன் நடுவில் நிற்பவன். உயரம் இல்லை, வேகமும் பெரிதாக இல்லை, ஆனால் பந்து அவன் காலுக்கு வந்தால் மற்ற எல்லோருக்கும் ஒரு மூச்சு விட நேரம் கிடைக்கும். வலது காலால் இடது காலுக்குத் தட்டி, இரண்டு பேருக்கு நடுவே நழுவிப் போகிற அந்த வித்தையை, ஸ்பெயின்காரர் குரோக்கெட்டா என்பார்கள், மைக்கேல் லாட்ரப் செய்ததை இனியெஸ்டா தனதாக்கிக்கொண்டது, அதை அவன் டச் பே கடற்கரை மணலில் மாதக்கணக்கில் பழகினான். நான் ரியல் மட்ரிட் பக்கம், அவன் பார்சலோனா. மெஸ்ஸியா ரொனால்டோவா என்று சண்டை பிடித்த இரவுகளுக்குக் கணக்கில்லை. இனியெஸ்டா விடயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

2010 ஜூலை 11 இறுதி ஆட்டம் எங்களுக்கு நடுச்சாமம் 12 மணிக்குத் தொடங்கியது. அவன் வீட்டு விறாந்தையில் ஒரு சின்னத் தொலைக்காட்சி, முன்னால் இருபது பேர், அவனுடைய அம்மா பிளேன்ரீ ஊற்றி ஊற்றித் தந்துகொண்டிருந்தார். பார்க்க அழகான ஆட்டம் இல்லை அது, நெதர்லாந்தின் டி யோங் ஸ்பெயினின் ஷாபி அலொன்சோவின் நெஞ்சில் உதைத்ததும், நெதர்லாந்தின் ரொபன் தனியாக ஓடி வந்ததை ஸ்பெயின் கோல் காப்பாளர் கசியாஸ் கால் நுனியால் தடுத்ததும் மட்டும்தான் அதுவரை நினைவில் நிற்கிறமாதிரி இருந்தன. இரண்டு மணி தாண்டிவிட்டது, பாதிப் பேர் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். 116ஆவது நிமிடம். டொரஸ் இடது பக்கமிருந்து போட்ட பந்து சரியாகப் போகவில்லை, நெதர்லாந்துக்காரர் அடித்து விலக்கியது ஃபாப்ரிகாஸின் காலுக்கு வந்தது, அவர் வலது பக்கம் தள்ளினார். அங்கே இனியெஸ்டா. பந்து ஒரு தடவை எழும்பியது, அது கீழே வரும்வரை அவர் பொறுத்திருந்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள், எப்படி எழும்பினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. அந்த நொடியில் தனக்குச் சுற்றிவர எதுவுமே கேட்கவில்லை, அமைதிதான் கேட்டது என்று அவர் பிறகு சொல்லியிருக்கிறார். எங்களுக்கு ஒழுங்கை நாய்கள் அத்தனையும் குரைத்தது கேட்டது.

அவர் சட்டையைக் கழற்றினார். உள்ளே வெள்ளைப் பெனியன், அதில் கையால் எழுதியிருந்தது: டானி ஹார்கே எப்போதும் எங்களோடு. அது யார் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன்தான் மறுநாள் தேடிப் பார்த்துச் சொன்னான். டானி ஹார்கே எஸ்பான்யோல் அணியின் தலைவர், பார்சலோனா நகரத்தின் மற்ற அணி, அதாவது பங்காளிப் பகை. 2009 ஓகஸ்ட் 8ஆம் திகதி இத்தாலியில் பயிற்சி முகாமில் இருந்தபோது மாரடைப்பு, வயது 26. இனியெஸ்டாவுக்கு அவர் சிறுவயது முதல் ஸ்பெயினின் இளையோர் அணிகளில் பழக்கமான நண்பர். அந்த மரணத்துக்குப் பிறகு இனியெஸ்டா மனதால் உடைந்து போனார், காயங்கள் வேறு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, உலகக் கிண்ணத்துக்குப் போக முடியுமா என்றே கேள்வியாக இருந்தது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததைப் பின்னாளில் அவர் மறைக்காமல் பேசினார். உலகத்துக்கே தெரிந்த ஒரு விளையாட்டு வீரர் அதைச் சொன்னது எங்கள் வயது ஆம்பிளைகளுக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், அதற்குமேல் இங்கே எழுதவில்லை.

கோல் அடித்துச் சட்டை கழற்றியதற்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். சட்டம் அப்படித்தான், ஆனால் எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

எங்கள் நண்பன் போன வருடம் போய்விட்டான். அவனுக்கும் மாரடைப்புத்தான், வயது 41. காலையில் எங்களோடு விளையாடினான், பின்னேரம் இல்லை. அவன் நினைவாக ஒரு ஆட்டம் வைப்பது, அதற்கு எல்லோரும் அந்தக் கடும் நீலத்தைப் போடுவது, 6ஆம் இலக்கத்தை ஒருவரும் போடாமல் அவன் வீட்டுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு ஜேர்சியின் உள்பக்கத்திலும், நெஞ்சுக்கு நேரே, அவன் பெயரும் "எப்போதும் எங்களோடு" என்ற வரியும் வர வேண்டும் என்று கேட்டோம்.

நானா செய்த முதல் நல்ல காரியம், அதைச் செய்ய மறுத்தது. காரணத்தைப் பொறுமையாகச் சொன்னார். இந்த மாதிரி ஜேர்சியைச் சப்ளிமேஷன் முறையில் அடிக்கிறார்கள். நீலத் துணியில் அடிப்பதில்லை, வெள்ளைப் பொலியெஸ்டர் துணியை எடுத்து, தாளில் அடித்த நீலத்தை அதன்மேல் வைத்து 200 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் அழுத்தினால் மை ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடும். கையால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது, உரியவும் உரியாது. அதனால்தான் அப்படிப்பட்ட ஜேர்சியைப் புரட்டிப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அந்த உள்பக்கத்தில் இன்னொரு தடவை அதே சூட்டில் அழுத்தினால் வெளியே இருக்கிற நிறம் கலங்கும். அப்படியானால் வினைல் ஒட்டலாம், ஆனால் அது நேரே தோலில் படும், திருகோணமலை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் வியர்வையில் கடிக்கும், நாலு கழுவலில் ஓரம் எழும்பும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "இனியெஸ்டா ஜேர்சிக்குள்ள எழுதவில்லையே தம்பி, பெனியனிலதானே எழுதினவர்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இத்தனை வருடம் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தோன்றவில்லை.

பெனியன் பருத்தி, பருத்தியில் சப்ளிமேஷன் பிடிக்காது, ஆகவே ஸ்கிரீன் பிரிண்ட். அதற்கு ஒரு அச்சுச் சட்டகம் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் காசு. வாங்க மாட்டேன் என்றார், நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம்.

எழுத்து விடயத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழில் ஜேர்சி அடிக்கிற எல்லோருக்கும் இது உதவும். நாங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய வரியை அவர் அப்படியே கணினியில் ஒட்டியபோது "எப்போதும்" என்பதில் இருந்த "போ" மூன்றாக உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நின்றது. "எங்களோடு" என்பதற்கும் அதே கதி. படம் வரைகிற மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைச் சரியாகத் திறந்துவிடாவிட்டால் இப்படித்தான் ஆகும், பல கடைகளில் அதைக் கவனிக்காமலே அடித்துவிடுகிறார்கள், முன்பு ஒரு முறை நாங்கள் அப்படி உடைந்த எழுத்தோடு ஒரு சுற்றுப்போட்டி முழுவதும் விளையாடியிருக்கிறோம். நானா அந்த வரியைப் பாமினி எழுத்துருவில் தானே மறுபடி தட்டச்சுச் செய்தார், தாளில் அடித்துக் காட்டினார், என்னைக் கொண்டு எழுத்தெழுத்தாக வாசிக்க வைத்தார், வாசித்து முடித்ததும் அந்தத் தாளில் கையொப்பம் வாங்கினார். நண்பனின் பெயரை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் எழும்பிப் போய் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், ஒன்றும் பேசவில்லை.

குறைகளையும் சொல்கிறேன். சொன்ன நாளிலிருந்து இரண்டு நாள் பிந்தியது. ஒரு நாள் மின்சாரம் இல்லை, அது அவர் பிழை இல்லை. மற்ற நாள் பள்ளிக்கூட ஓர்டர் ஒன்றை இடையில் எடுத்துக்கொண்டார், அதை எங்களுக்கு முதலே சொல்லியிருக்கலாம். அளவுகள் சிறியவை, நீங்கள் வழக்கமாக லார்ஜ் போடுகிறவர் என்றால் எக்ஸ்எல் சொல்லுங்கள், எங்கள் கோல் காப்பாளருக்கு வந்தது வயிற்றில் இறுகிப் பிடித்தது. இரண்டு ஜேர்சியில் அக்குள் தையல் முதல் நாளே விட்டுவிட்டது, கொண்டுபோய்க் கொடுத்ததும் காசு வாங்காமல் இரட்டைத் தையல் போட்டுத் தந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பூட்டியிருக்கும், மூன்று மணிக்குப் பிறகு போங்கள். ஜேர்சி ஒன்று 1,850 ரூபாய், பெனியன் 650, பாதி முற்பணம். இதைவிட மலிவாகக் கொழும்பில் அடிக்கலாம் என்பார்கள், அடிக்கலாம்தான், ஆனால் எழுத்தை வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்க ஆள் இருக்காது.

துணி நன்றாக இருக்கிறது. சிறு சிறு துளை உள்ள வகை, காற்றுப் போகும். கடற்காற்றிலும் வெயிலிலும் காயப்போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, வாரம் ஒரு கழுவல், நிறம் மங்கவில்லை. முதல் இரண்டு கழுவலுக்கு மையின் வாடை இருந்தது, பிறகு போய்விட்டது. ஸ்பெயின் சட்டையின் அந்த நீலத்தோடு ஒப்பிட்டால் இது வெயிலில் கொஞ்சம் வெளிறித் தெரியும், விளக்கு வெளிச்சத்தில் சரியாக இருக்கிறது.

ஓர்டருக்காக நாலைந்து தரம் போனதில் நானாவோடு பேசிய பேச்சு தனி. சுவரில் இருக்கிற மாதிரிகளில் மெஸ்ஸி, ரொனால்டோ, இப்போது யமால் பெயர்கள்தான் நிறைய. இனியெஸ்டா கேட்டு வருகிறவர்கள் குறைவு என்றார், ஆனால் வருகிறவர்கள் சும்மா வருவதில்லையாம், ஆளுக்கு ஒரு ஆட்டத்தைச் சொல்வார்களாம். செல்சி ரசிகர் ஒருவர் 2009 மே மாதம் செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் 93ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா அடித்த கோலைப் பற்றி இன்றைக்கும் கோபமாகப் பேசிவிட்டு, மகனுக்கு அதே பெயரில் பார்சலோனா ஜேர்சி அடித்துக்கொண்டு போனாராம். எனக்கு அது விளங்குகிறது. 2015 நவம்பரில் மட்ரிட்டின் மைதானமான பேர்னபெயுவில் பார்சலோனா எங்களை 4-0 என்று அடித்தது, அதில் ஒன்று இனியெஸ்டா அடித்தது. அவரை வெளியே எடுத்தபோது மட்ரிட் ரசிகர்களே எழும்பி நின்று கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த நண்பன் என்னைச் சீண்டுவான் என்று பார்த்தேன், அவன் அழுதுகொண்டிருந்தான். நானும் கைதட்டினேன். எஸ்பான்யோல் மைதானத்திலும் அதே மரியாதை, ஹார்கேயின் பெயரைக் காட்டிய அந்த 2010ஆம் ஆண்டு டிசம்பரில் பார்சலோனா அங்கே போனபோது பகை அணியின் ஆள் என்று பார்க்காமல் எழும்பி நின்றார்கள்.

இத்தனைக்கும் அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். ஃபுவென்டெஅல்பில்லா, சுமார் 2,000 பேர் இருக்கிற கிராமம். அப்பா கட்டட வேலை செய்தவர். 12 வயதில் பார்சலோனாவின் லா மாசியா விடுதிக்குக் கொண்டுபோய் விட்டார்கள், முதல் இரவுகள் அழுதே கழிந்ததாக அவரே சொன்னார். மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் டவுன் பள்ளிக்கூட விடுதிக்கு வந்து படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2002இல் முதல் அணிக்கு வந்தார், 2018இல் போகும்வரை 674 ஆட்டங்கள், 9 லா லீகா கிண்ணங்கள், 4 சம்பியன்ஸ் லீக் கிண்ணங்கள். கோல் என்று பார்த்தால் 57தான், மெஸ்ஸி ஒரே பருவத்தில் அதைத் தாண்டியிருக்கிறார். ஆனால் உலகக் கிண்ணம், 2012 ஐரோப்பியக் கிண்ணம், 2015 சம்பியன்ஸ் லீக் என மூன்று இறுதி ஆட்டங்களிலும் ஆட்டநாயகன் அவர்தான். 2010இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து (பலோன் டோர்) அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் சொல்வேன், இரண்டாம் இடம் கொடுத்தார்கள்.

பார்சலோனாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் முடிந்த இரவு, எல்லோரும் போன பிறகு, வெறும் மைதானத்தின் நடுவில் வெறுங்காலோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை நண்பன் தன் கைத்தொலைபேசியில் கடைசிவரை வைத்திருந்தான். பிறகு ஜப்பானின் விஸ்ஸல் கோபே, அங்கே பேரரசர் கிண்ணம், அதற்குப் பிறகு ராஸ் அல் கைமாவில் எமிரேட்ஸ் கிளப். நானாவின் மச்சான் ஒருவர் அங்கே வேலை செய்கிறார், வேலை முடிந்து மைதானத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். நாற்பதை நெருங்கிய கால், ஆனால் பந்து வந்ததும் சுற்றி இருந்தவர்கள் நின்றுவிட்டார்களாம். 2024 ஒக்டோபர் 8ஆம் திகதி ஓய்வை அறிவித்தார். மாதமும் திகதியும் 10, 8 என்று வருவதை நண்பன்தான் முதலில் கவனித்து எங்களுக்குச் செய்தி போட்டான், மெஸ்ஸியின் இலக்கமும் இவருடைய இலக்கமும் என்று.

நினைவு ஆட்டம் நடந்தது, 2-2. இரண்டாம் பாதியில் எங்களில் ஒருவன் கோல் அடித்ததும் ஜேர்சியைக் கழற்றினான். நடுவராக நின்றவர் எங்கள் பழைய பயிற்சியாளர், அட்டையை எடுக்கவில்லை. பெனியனில் எழுத்து ஒன்றும் உடையாமல் தூரத்திலிருந்தே வாசிக்கிற மாதிரி இருந்தது.

6ஆம் இலக்கத்தை அவனுடைய அம்மாவிடம் கொடுத்தோம். அன்றைக்குப் பிளேன்ரீ தந்த அதே விறாந்தைதான். அவனுடைய மகனுக்கு 11 வயது, பெட்ரியின் ரசிகன், இனியெஸ்டாவை விளையாடிப் பார்த்ததில்லை. பார்சலோனா கோடு போட்ட ஜேர்சியில் பெட்ரி 8 வேண்டும் என்றான். போன கிழமை கூட்டிக்கொண்டு போனேன். நானா அவனை ஒரு முக்காலியில் ஏற்றி அளவெடுத்தார், அந்த 8 முன்பு யாருடையது என்று கேட்டார், அவனுக்குத் தெரியவில்லை. கணினியைத் திருப்பி 116ஆவது நிமிடத்தைப் போட்டுக் காட்டினார், கடையில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள், அவர்களும் வந்து நின்று பார்த்தார்கள். நெஞ்சு 30 அங்குலம், வளர்கிற பிள்ளை என்பதால் 32 வைத்துத் தைக்கச் சொன்னேன். வியாழக்கிழமை தருகிறேன் என்றார். நான் சனிக்கிழமை போய் எடுப்பேன்.